இடிக்கும் ஆறு மாதம்

பிலிப்பைன்ஸில் அது மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய வாசல். இந்தியாவிலோ அது கணக்கிலேயே வராது. கடன் வாங்கிக் கடல் தாண்டிய டாக்டர் கனவுகள் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

ஏழுமலையானே கடன் வாங்கித்தான் கல்யாணம் செய்துகொண்டார் என்கிறது தலபுராணம். ஆகாச ராஜன் மகள் பத்மாவதியைக் கைப்பிடிக்க குபேரனிடம் வாங்கிய அந்தக் கடனுக்கு இன்னமும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அந்தக் கல்யாணம் நடந்த இடமாகச் சொல்லப்படுவது நாராயணவனம். எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர்போன புத்தூரிலிருந்து கூப்பிடு தூரம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில், சுற்றிலும் வயல்கள், தறிகள். தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் புழங்கும் எல்லைப்புற ஊர்.

இது போன்ற ஊர்களில் கல்யாணத்துக்கு அடுத்தபடியாகக் குடும்பங்களைக் கடனில் இறக்கும் செலவு ஒன்று உண்டென்றால், அது டாக்டர் படிப்பு.

பக்கத்திலேயே கல்லூரிகள் இல்லாமல் இல்லை. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி 1960லிருந்து இருக்கிறது. பத்மாவதியின் பெயரிலேயே 2014ல் ஒரு மகளிர் மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனால் கல்லூரி பக்கத்தில் இருப்பது வேறு, சீட் கிடைப்பது வேறு. 2024ல் நாடு முழுவதும் நீட் தேர்வு எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் அதிகம். எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1.1 லட்சம். அதிலும் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில். தேர்வில் 'தகுதி' பெற்றும் அரசு இடம் எட்டாமல், தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணமும் கட்டுப்படியாகாமல் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கில்.

அவர்களுக்காகத்தான் ஏஜெண்டுகள் காத்திருக்கிறார்கள். ரஷ்யா, சீனா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான் என்று நீளும் பட்டியலில், ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு மாணவர்களைக் குறிப்பாக ஈர்த்த நாடு பிலிப்பைன்ஸ். ஆங்கிலத்தில் பாடம். நம்மூரைப் போலவே வெயில், மழை. அமெரிக்கப் பாடப் புத்தகங்கள். இந்தியத் தனியார் கல்லூரியைவிடக் குறைந்த கட்டணம். விளம்பரத்தில் குறையே இல்லை. குறை இருந்தது படிப்பின் அமைப்பில்.

இரண்டு பரம்பரை

இந்தியாவில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரே மருத்துவக் கல்லூரி. இது பிரிட்டிஷ் வழி. முந்தைய தலைமுறைக்கு பி.யு.சி. என்ற படி இடையில் இருந்தது. தமிழ்நாட்டில் 1978ல் பிளஸ் டூ வந்து அந்தப் படியைப் பள்ளிக்குள் இழுத்துக்கொண்டது. ஆந்திரத்தில் இன்றும் அதற்கு இன்டர்மீடியட் என்றுதான் பெயர்; படிப்பதும் 'ஜூனியர் காலேஜ்' என்ற இடத்தில்தான். பெயர் எதுவானாலும் இந்திய விதிப்படி இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்த 12ஆம் வகுப்போடு மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு முடிந்தது.

பிலிப்பைன்ஸ் 1898லிருந்து 1946 வரை அமெரிக்காவின் பிடியில் இருந்த நாடு. அதன் மருத்துவக் கல்வியும் அமெரிக்க வழி. முதலில் ஒரு பட்டப் படிப்பு, பிறகு நுழைவுத் தேர்வு, அதற்குப் பிறகே மருத்துவம். அந்த நாட்டின் 1959ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் பட்டம் பெற்றவரையே மருத்துவக் கல்லூரிக்குள் விடுகிறது.

எனவே 12ஆம் வகுப்பு முடித்துப் போகும் இந்திய மாணவர் முதலில் சேருவது பி.எஸ். என்ற இளநிலை அறிவியல் படிப்பில். இந்தியர்களுக்காக இதை ஒன்றரை அல்லது இரண்டு வருடத்தில் சுருக்கி நடத்தின கல்லூரிகள். உயிரியல் அல்லது உளவியல் முக்கியப் பாடம். கூடவே மொழி, பொதுப் பாடங்கள். பிறகு என்மேட் என்ற நுழைவுத் தேர்வு. அதில் தேறினால் நான்கு வருட எம்.டி. அங்கே எம்.டி. என்பது அடிப்படை மருத்துவப் பட்டம்தான். இந்தியாவில் அதே இரண்டு எழுத்து முதுநிலைப் பட்டத்தைக் குறிக்கும். குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது.

பி.எஸ். மாணவர்கள் படிக்கும் பாடங்களில் ஒன்று ஹோசே ரிசால். பிலிப்பைன்ஸின் தேசிய வீரரான அவரது வாழ்வும் எழுத்தும் எல்லாக் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடம் என்று 1956ல் அங்கே சட்டமே போட்டார்கள். ரிசால் ஒரு கண் மருத்துவர். மணிலாவில் மருத்துவம் படிக்கத் தொடங்கியவர், 1882ல் ஸ்பெயினுக்குப் போய், மாட்ரிட்டில் படிப்பை முடித்து 1884ல் மருத்துவரானார். பாதிப் படிப்பு ஒரு நாட்டில், மீதி இன்னொரு நாட்டில். இன்றைய இந்திய விதிகளின்படி அவரால் இங்கே டாக்டராகப் பதிவு செய்துகொள்ள முடியாது.

ஒரு தேதி, ஒரு எண்

அந்த விதிகள் வெளியான தேதி 2021 நவம்பர் 18. தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான உரிமம் பற்றிய விதிமுறைகள் அன்று அரசிதழில் வந்தன. வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாத இன்டர்ன்ஷிப், படித்த அதே கல்லூரியில். ஆங்கில வழிப் பாடம். படித்த நாட்டிலேயே அந்நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக மருத்துவம் பார்க்கும் தகுதி. படிப்பு முழுவதும் ஒரே கல்லூரியில். திரும்பி வந்ததும் தேர்வு, இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி.

54 என்ற எண் வானத்திலிருந்து குதித்ததல்ல. இந்திய எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதைத்தான் மாதக் கணக்கில் எழுதினார்கள்.

பிலிப்பைன்ஸ் எம்.டி. நான்கு வருடம். அதாவது 48 மாதம். குறைவது ஆறே மாதம்.

பி.எஸ். படித்த காலத்தைச் சேர்த்தால் 54ஐத் தாண்டிவிடும் அல்லவா? ஏஜெண்டுகள் போட்ட கணக்கு அதுதான். ஆனால் பி.எஸ். என்பது மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு, அதை எம்.டி.யோடு ஒட்டவைத்து எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இணையாக ஏற்க முடியாது என்பது ஆணையத்தின் நிலை. உடற்கூறியல் தொடங்கும் நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும்.

ஆக, ஒரு மாணவி பிலிப்பைன்ஸ் வழியில் ஆறரை, ஏழு வருடம் செலவிட்டும், ஐந்தரை வருடத்தில் முடியும் இந்தியப் படிப்பைவிடக் 'குறைவாக' படித்தவராகிறார். அங்கே கல்லூரிக்குள் நுழைய அவசியமான படிப்பு, இங்கே பூஜ்யம்.

இன்னொரு முட்டுக்கட்டை, படித்த நாட்டில் தொழில் செய்யும் தகுதி. அந்த 1959 சட்டம் வெளிநாட்டவருக்கு உரிமம் தர ஒரு நிபந்தனை வைத்தது. தன் நாடு பிலிப்பைன்ஸ்காரர்களை அதே விதிகளின்படி மருத்துவம் பார்க்க அனுமதிக்கிறது என்று அவர் ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். ஒரு பதினெட்டு வயது மாணவியின் கையில் இருக்கும் விஷயமா இது?

நடுவழியில் நின்றவர்கள்

மிக மோசமாகச் சிக்கியவர்கள் அந்தத் தேதியில் பி.எஸ். வகுப்பில் இருந்தவர்கள். கொரோனாவால் அப்போது எல்லைகள் மூடிக் கிடந்தன. பலருக்கு விமானம் ஏறாமலேயே படிப்பு தொடங்கியது. கல்லூரி என்பது வீட்டுக் கூடத்தில் ஒரு செல்போன் திரை. மணிலாவில் காலை 8 மணி வகுப்பு என்றால் இங்கே விடியற்காலை 5.30.

விதிகள் வருமுன்பே வெளிநாட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புதிய நிபந்தனைகள் பொருந்தாது என்று அந்த அரசிதழே சொன்னது. ஆனால் பி.எஸ். மாணவி மருத்துவம் 'படித்துக்கொண்டிருந்தாரா'? வீட்டாரைக் கேட்டால் ஆமாம். பெண்ணை டாக்டர் படிப்புக்கு அனுப்பியதாகத்தான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அகராதியைக் கேட்டால் இல்லை. ஒருவர் எந்தத் தேதியில் எந்த வகுப்பில் இருந்தார் என்பதே அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிட்டது.

ஆணையத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு 2002லிருந்து நடக்கிறது. 300 கேள்விகளில் 150க்குச் சரியான விடை எழுதினால் போதும். அப்படியும் பல தேர்வுகளில் தேறியவர்கள் நூற்றுக்கு இருபது பேரைச் சுற்றியே இருந்தார்கள். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட தொழிலில் கல்வித் தரத்தைக் கேட்காமல் விட முடியாது. வெளிநாட்டுக்குப் போகிறவர்களும் நீட்டில் தகுதி பெற வேண்டும் என்று 2018ல் வந்த விதியை உச்ச நீதிமன்றமும் 2025 பிப்ரவரியில் சரியென்று ஏற்றது. கேள்வி தரத்தைப் பற்றியது அல்ல. பணம் கட்டி இறங்கிய பிறகு கணக்கு மாறினால் அந்தச் சுமை யார் தலையில் என்பதுதான்.

எங்கும் இதே கதை

இந்தியா மட்டும்தான் இப்படி அளக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவில் பி.எஸ்சி. முடித்து அமெரிக்காவில் மருத்துவம் சேர நினைப்பவர்களுக்கும் இதே அனுபவம்தான். அங்கே உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைச் செய்முறையோடு படித்திருக்க வேண்டும். அந்தப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. விண்ணப்பங்களைத் தொகுக்கும் ஆம்காஸ் என்ற பொது அமைப்பு, அந்நாட்டுக் கல்லூரி ஒன்று தன் கணக்கில் வரவு வைத்தால் ஒழிய, வெளிநாட்டு மதிப்பெண்களைச் சரிபார்ப்பதில்லை. சென்னையில் முதல் வகுப்பில் தேறியவர் நியூஜெர்சியில் முதலாண்டு வேதியியலை மறுபடி படிக்க நேரும்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் பள்ளி முடித்து இந்தியா திரும்பும் பிள்ளைகளுக்கு, அந்தப் படிப்பு இங்கத்திய 12ஆம் வகுப்புக்கு இணை என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் சான்று தர வேண்டும். உயிரியலைக் கைவிட்டு கணிதம் எடுத்தவர்களுக்கு நெடுங்காலம் கதவு மூடியே இருந்தது. 2023 நவம்பரில் ஆணையம் கொஞ்சம் இறங்கி வந்தது. 12ஆம் வகுப்பு முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம், வெளிநாட்டுப் படிப்புக்கான தகுதிச் சான்றும் பெறலாம் என்றது. விதியை வளைக்கவே முடியாது என்பதில்லை. வளைய வருடங்கள் ஆகும் என்பதுதான் சங்கடம்.

பத்திரம் எங்கே?

இன்றைக்கும் மாணவர்களைத் தேடி விளம்பரங்கள் வருகின்றன. '54 மாதப் படிப்பு' என்பது இப்போது விளம்பரத்திலேயே இடம்பிடித்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்விகள் சிலதான். அந்த 54 மாதத்தில் மருத்துவப் பாடம் மட்டும் எத்தனை? மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு அதில் கலந்திருக்கிறதா? இன்டர்ன்ஷிப் அதே கல்லூரியிலா, அந்த 54க்கு மேலா, உள்ளேயா? முடித்தவர் அந்த நாட்டில் உரிமம் பெற முடியுமா? நடுவில் கல்லூரி மாறினால் என்ன ஆகும்? பதில்களைக் கல்லூரியின் முத்திரையோடு எழுத்தில் வாங்கி, ஆணையத்தின் விதிகளோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். முதல் தவணை கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

நாராயணவனத்துக் கல்யாணக் கதையில் இதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. சீனிவாசனாக வந்த பெருமாளுக்கே குபேரன் வாய்ப்பேச்சில் பணம் கொடுத்துவிடவில்லை. பிரம்மாவும் சிவனும் சாட்சிக் கையெழுத்துப் போட, முறையாகப் பத்திரம் எழுதிய பிறகுதான் பொற்காசுகள் கை மாறின.