14,000 ரூபாய் பேரிங் வேலையா, 36 மாச இஎம்ஐ-யா?

சனிக்கிழமை காலையில உங்க 2006 மாடல் தண்டர்பேர்டை எடுத்துக்கிட்டு பொள்ளாச்சி தாண்டி ஆழியார் வந்துட்டீங்க. மேல வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்கு. அப்பத்தான் கியர் பாக்ஸ்ல இருந்து ஒரு ஊளைச் சத்தம் கேட்குது.

கோவை திரும்பினதும் மெக்கானிக் சொல்றார்: "பேரிங் போச்சுங்க. இறக்கித்தான் பாக்கோணும். 14,000 ஆகுங்க." வீட்டுல அம்மா சொல்றாங்க: "அந்த வண்டியே அம்பதாயிரத்துக்குத்தான் போகும். எதுக்கு கண்ணு செலவு? புதுசு எடுத்துக்க."

இங்கதான் நிறைய பேர் கணக்குல தப்பு பண்றோம். செலவை வண்டியோட ரீசேல் விலையோட ஒப்பிடக் கூடாது. வண்டியை மாத்தினா ஆகுற செலவோட ஒப்பிடணும்.

கணக்கு பாப்போம்

புது வண்டிக்கு 2 லட்சம் கடன், 12% வட்டி, 36 மாசம்னு வைங்க. இஎம்ஐ சுமார் 6,643 ரூபாய். மொத்தம் கட்டுறது 2.39 லட்சம். வட்டி மட்டும் 39,000-க்கு மேல. 14,000-ங்கறது இரண்டு மாச இஎம்ஐ-யை விடக் கொஞ்சம்தான் அதிகம். புது வண்டி கடைசியில உங்க கையில சொத்தா இருக்கும், உண்மைதான். ஆனா மூணு வருஷத்துல அதோட விலையும் இறங்கியிருக்கும்.

இறக்குறதுக்கு முன்னாடி

சத்தம் பேரிங்தானான்னு முதல்ல உறுதி பண்ணுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, நியூட்ரல்ல வண்டியைத் தள்ளிப் பாருங்க. அப்பவும் சத்தம் வந்தா செயினையும் வீல் பேரிங்கையும் பாருங்க. அது சின்ன செலவு. இன்ஜின் ஓடும்போது நியூட்ரல்ல கேட்குற சத்தம் கிளட்ச் பிடிச்சதும் நின்னா, மெயின் ஷாஃப்ட் பேரிங் மேல சந்தேகப்படலாம். கியர் ஆயிலை வடிச்சுப் பாருங்க. மாவு மாதிரி சாம்பல் நிறத் தூள் சகஜம். செதில் செதிலா இரும்பு வந்தா இனிமே தள்ளிப்போடாதீங்க. பேரிங் உடைஞ்சு துண்டு பல் சக்கரத்துல மாட்டினா, செலவு பேரிங்கோட நிக்காது.

காசு எங்க போகுது?

பெரும்பாலும் பேரிங்குக்கு இல்லைங்க, கூலிக்குத்தான். இந்த மாடல்ல கியர் பாக்ஸ் இன்ஜினுக்குப் பின்னாடி தனியா இருக்கு. பிறகு வந்த யூ.சி.இ. இன்ஜின்ல இரண்டும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கறதால, இன்ஜினையே இறக்கிப் பிரிக்கணும். அதனால ஒரு தடவை திறந்தா எல்லா பேரிங்கையும் ஆயில் சீலையும் சேர்த்தே மாத்திடுங்க. 'ஒண்ணு மட்டும் போதும்'னு மிச்சம் பிடிச்சா, அடுத்த தடவை அதே கூலியை மறுபடி கொடுப்பீங்க.

கோவையில இதுக்கு ஒரு வசதி இருக்கு. பம்ப்செட்டும் மில்லும் ஓடுற ஊர்ல பேரிங் கடைக்குப் பஞ்சமில்லை. பழைய பேரிங் ஓரத்துல இருக்குற நம்பரை அப்படியே போட்டோ எடுத்துக்கங்க. உதாரணத்துக்கு 6203-ன்னா உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்த நல்ல கம்பெனி போட்டாலும் இதே அளவுதான். நம்பருக்குப் பின்னாடி 'சி3' இருந்தா அதையும் விடாதீங்க; உள்ள இடைவெளி கொஞ்சம் கூடுதலா இருக்குற ரகம் அது. பில்லோட வாங்குங்க, போலி நிறைய சுத்துது.

மாட்டினதுக்கு அப்புறம் செயினை ரொம்ப இறுக்காதீங்க. அந்த இழுவை நேரா அவுட்புட் பேரிங் மேலதான் விழும்.

எப்ப வேண்டாம்னு சொல்லணும்?

பல் சக்கரம், ஷாஃப்ட், பேரிங் உட்கார்ற கூடு எல்லாமே தேஞ்சிருந்தா நிறுத்தி யோசிங்க. ஆர்.சி.யும் பாருங்க. 15 வருஷம் முடிஞ்ச வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். அதுல தேறாதுன்னு தெரிஞ்ச வண்டியில காசைப் போடாதீங்க.

கடைசியா ஒண்ணு. பழைய வண்டி செலவு வைக்கும்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிஞ்ச செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்டைத் தொடக் கூடாது. மாசம் 1,200 ரூபாய் தனி ஆர்.டி.யில போட்டா வருஷத்துல 14,400 சேரும். அடுத்த தடவை மெக்கானிக் தொகை சொல்லும்போது, கிரெடிட் கார்டைத் தேடாம "வேலையை ஆரம்பிங்கண்ணா"ன்னு சொல்லலாம்.