எளிது என்று தள்ளப்பட்ட கணக்கு

வைகை அணையில் உபரிநீர் திறக்கப்படும் நாள்களில் மதகுகளின் எதிரே நிற்போரில் பலர், தொலைவில் உள்ள உறவினருக்குக் காணொலி அழைப்பில் தண்ணீரைக் காட்டுவார்கள். நீர்த்தேக்கத்தின் அமைதியான பரப்பு தெளிவாகத் தெரியும். சீறிப் பாயும் நுரையை நோக்கிக் கைப்பேசியைத் திருப்பினால், படம் கட்டம் கட்டமாகச் சிதறும். சிக்னல் குறைவு மட்டுமே இதற்குக் காரணமன்று.

640-க்கு 480 புள்ளிகள் கொண்ட வண்ணப் படங்களை விநாடிக்கு 30 வீதம் அப்படியே அனுப்ப, விநாடிதோறும் சுமார் 22 கோடி பிட் தேவை. கைப்பேசி அழைப்புக்கு அது கட்டுப்படியாகாது. எனவே, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் போன்ற சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெதுவாகவும் வேகமாகவும் மாறும் அலைகளின் கூட்டலாக எழுதுகிறார்கள். அடுத்தடுத்த புள்ளிகள் பெரும்பாலும் ஒத்திருப்பதால் சில அலைகளே போதும். கண் பொருட்படுத்தாதவை கழிக்கப்படுகின்றன. முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் அனுப்புவது இன்னொரு சிக்கனம். கணந்தோறும் எல்லாம் மாறும் நுரையிடம் இரண்டுமே திணறுகின்றன.

முதல் சிக்கனத்தின் பெயர் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம். பெங்களூரில் பிறந்த பொறியாளர் நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1972-இல் இதை ஆராய அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. கருத்து மிக எளிதாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் குறை. அடுத்த ஆண்டு கோடை மாதங்களில் ஊதியமின்றியே அந்த ஆய்வை அகமது தொடர்ந்தார். தம் ஆய்வு மாணவர் டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற கே.ஆர். ராவ் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளியானது.

1988-இல் வந்த எச்.261 காணொலித் தரமும், 1992-இல் வந்த ஜேபெக் படத் தரமும் இக்கணக்கின் மீதே எழுந்தன. கைப்பேசிகளில் பரவிய எச்.264 (2003) இதன் முழுஎண் வடிவத்தைப் பயன்படுத்துகிறது.

ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத பொருளைச் சந்தை போதிய அளவில் உருவாக்காது. அதனால்தான் ஆய்வுக்குப் பொதுப்பணம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தேன். அந்தப் பணத்தைப் பங்கிடும் குழுக்களிலும் அமர்ந்திருக்கிறேன். சிக்கலான சமன்பாடுகள் நிறைந்த விண்ணப்பத்துக்கு மதிப்பெண் தாராளமாகவே விழும். ஒரு பக்கத்தில் சொல்லி முடித்த மாணவரிடம், 'இதில் புதிதாக என்ன இருக்கிறது?' என்று கேட்போம். பதிலுக்குப் பெரும்பாலும் காத்திருப்பதில்லை. அப்படித் திரும்பிச் சென்றவர்களில் எவருக்கும் ஒரு கோடைக்கால ஊதியத்தை இழந்து ஆராயும் வசதி இருந்திருக்காது.