மின்வண்டிகளுக்கான பொது சார்ஜிங் நிலையங்கள்: திட்டமும் உரிமையும்

சொந்த வீடும் வண்டி நிறுத்த இடமும் உள்ளவர் இரவில் ஸ்கூட்டரை வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்கிறார். மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் வாடகைதாரர், தெருவோரம் ஆட்டோவை நிறுத்தும் ஓட்டுநர், காரில் வெளியூர் போகிறவர் ஆகியோருக்குத்தான் பொது சார்ஜிங் நிலையம் அவசியமாகிறது. எத்தனை நிலையங்கள் என்று இலக்கு வைப்பதற்கு முன், இவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எங்கே வண்டியை நிறுத்துகிறார்கள் என்பதை மாநில அரசு கணக்கெடுத்தாக வேண்டும்.

மின்வண்டிக்கு சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அதனால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. பெட்ரோல் பங்கோ உணவகமோ கல்யாண மண்டபமோ, யாரும் நிலையம் திறக்கலாம். நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று 2022 வழிகாட்டுதல் சொன்னது. 2024 செப்டம்பரில் வந்த வழிகாட்டுதல் அதை 2030க்குள் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டருக்கு ஒன்று என நெருக்கியது. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறு நகரங்களை முன்னோடியாக எடுத்துக்கொண்டது.

கட்டம் போட்டுப் பிரிப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் நெரிசலான தியாகராய நகருக்கும் வீடுகள் குறைந்த புறநகருக்கும் கட்டம் ஒரே பங்கைத்தான் கொடுக்கும். முதலீடு செய்கிறவர்களோ கார்கள் வந்து நிற்கும் வணிக வளாகங்களையும் நெடுஞ்சாலை உணவகங்களையும் தேடிப் போகிறார்கள். இந்தியாவில் ஓடும் மின்வண்டிகளில் பெரும்பகுதி இருசக்கர, மூன்று சக்கர வண்டிகள். கார்களுக்கான சிசிஎஸ்-2 வகை சார்ஜிங் இணைப்பு முனை அவற்றில் பொருந்தாது. ஆகவே ஆட்டோ ஸ்டாண்டு, சந்தை, ரயில் நிலைய வண்டி நிறுத்தம் போன்ற இடங்களில் மாநகராட்சி நிலம் ஒதுக்கி, சிறு வண்டிகளுக்கேற்ற சார்ஜர்கள் அமைய வழி செய்வது அரசின் பொறுப்பு.

அடுத்தது மின்சாரம். வேக சார்ஜர் ஒன்றுக்கு 60 கிலோவாட் வரை தேவைப்படலாம். தெருவில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் 100 கே.வி.ஏ. திறன் கொண்டதாக இருந்தால், அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு சார்ஜரே எடுத்துக்கொள்ளும். மாலையில் வீடுகளில் ஏசி ஓடும் நேரமும் சேர்ந்தால் அந்தப் பகுதி முழுவதும் மின்னழுத்தம் இறங்கும். எந்த டிரான்ஸ்பார்மரில் எவ்வளவு திறன் மிச்சம் இருக்கிறது என்பதை மின்வாரியம் வெளியிட்டால், நிலையம் அமைக்க வருகிறவர் இடத்தை முதலிலேயே சரியாகத் தேர்ந்தெடுப்பார். கட்டணமும் இதில் ஒரு கருவி. காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் கிடைக்கும் வேளையில், சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கும் மற்ற நேரங்களில் 1.3 மடங்கும் வசூலிக்கலாம் என்கிறது 2024 வழிகாட்டுதல். இறுதி விகிதத்தை நிர்ணயிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பகலில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால்தான் இந்தச் சலுகை சாமானியர்களை எட்டும்.

ஆபத்து பெரும்பாலும் மலிவான ஏற்பாடுகளில் இருக்கிறது. மாடியிலிருந்து தெருவுக்கு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து சார்ஜ் செய்வது பரவலான பழக்கம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் கூடுதல் வயர் இணைப்பதைத் தடை செய்கின்றன. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டுமுன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரக் கணக்கின் தேவை புரியும்.

வீட்டிலோ அடுக்குமாடி வளாகத்திலோ சார்ஜ் செய்யத் தனி மின் இணைப்பு கேட்பது நுகர்வோரின் உரிமை. மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தம் இதை உறுதி செய்கிறது. முழுமையான விண்ணப்பம் கொடுத்தால் பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாளுக்குள் இணைப்பு தர வேண்டும். மலைக் கிராமங்களுக்கு 30 நாள். புதிதாக மின்பாதையோ டிரான்ஸ்பார்மரோ போட வேண்டியிருந்தால் கூடுதல் காலம் பிடிக்கும். மீட்டர் அதிகமாக ஓடுகிறது என்று புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் இன்னொரு மீட்டரைப் பொருத்தி ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

இணைப்பு, மின்னழுத்தம், கட்டணம் பற்றிய குறைகளை முதலில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் பதிந்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். தீர்வு வராவிட்டால் மின்பகிர்மான வட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். நிலையத்தில் சார்ஜர் இயங்காமலே பணம் பிடித்துக்கொண்டாலோ, செயலியில் போட்ட முன்பணம் திரும்பாவிட்டாலோ அது சேவைக் குறைபாடு. ரசீதையும் திரையின் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பிறகும் பயனில்லை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை.