கோப்பு இருக்கிறது, எழுத்து எங்கே?

"நண்பர்களே, அவசரம். நாளைக்கு வைவா. தீசிஸ் ஃபைல் ஓபன் ஆகல. யாராவது ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்."

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ நாலு குழுக்களில் இருப்பவர்கள் இந்த மாதிரி வேண்டுகோளைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் வரும். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை மூடியிருக்கும், காலையில் கைடு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். சொந்தக்காரர்களிடம் கேட்கலாம். ஆனால் அவர்கள் எடுத்த எடுப்பில் "பேக்கப் எடுக்கலையா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். முகம் தெரியாதவர் அப்படித் திட்டுவதில்லை. "டெலீட் ஆச்சா, சேவ் பண்ணாம மூடிட்டீங்களா, இல்ல திறக்க மாட்டேங்குதா?" என்று நேரே நோயைத்தான் விசாரிக்கிறார்.

இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர் கிடைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

தொடாதீங்க!

தவறுதலாக அழித்துவிட்டேன் என்று ஒருவர் எழுதினால், விவரம் தெரிந்தவர் தரும் முதல் பதில், "அந்த டிரைவ்ல இனி எதையும் தொடாதீங்க" என்பதுதான். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை நீக்கும்போது அதன் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. 'இந்த இடம் காலி' என்று ஒரு குறிப்பு மட்டும் விழுகிறது. வேறு ஏதாவது வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை பழையது அங்கேயே கிடக்கும். பதற்றத்தில் பலர் செய்கிற காரியம், மீட்பு மென்பொருளை அதே டிரைவில் இறக்கி நிறுவுவது. தேடப்போன ஆளே தேடிய பொருளின் மேல் உட்கார்ந்துவிடுகிறார்.

அடுத்த கேள்வி, "ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?" என்பது. எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. 2009இல் விண்டோஸ் 7 வந்த நாளிலிருந்து 'ட்ரிம்' என்ற கட்டளை புழக்கத்தில் இருக்கிறது. கோப்பை நீக்கியதும், இன்ன இடம் இனி வேண்டாம் என்று கணினி எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடும். அது தன் வசதிப்படி அந்த இடத்தைத் துடைத்துவிடும். புது லேப்டாப் வேகமாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியவருவது இப்படியொரு இரவில்தான்.

சேவ் செய்யாமல் மூடியவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். வேர்டு, நாம் மாற்றாதவரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே ஒரு நகல் எடுத்து வைக்கிறது. ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதற்குள் மேனேஜ் டாக்குமென்ட், அதற்குள் 'ரிகவர் அன்சேவ்ட் டாக்குமென்ட்ஸ்' என்று போனால் அது கண்ணில் படலாம். ஒருமுறைகூட சேவ் செய்யாத கோப்பின் நகல் அங்கே நாலு நாள்தான் தங்கும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவருக்கு அதுவும் இல்லை. மின்னஞ்சலில் வந்த கோப்பை இறக்கி வைக்காமல் அங்கேயே திறந்து, மணிக்கணக்கில் திருத்தி, சேவும் கொடுத்துவிட்டு 'காணோம்' என்று அலறுகிறவர்கள் தனி ரகம். அவர்கள் சேவ் செய்தது தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

திறக்கவே மறுக்கும் கோப்புக்கும் ஒரு வழி உண்டு. 2007க்குப் பிறகு வேர்டில் உருவாகும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதை ஒரு நகல் எடுத்து, பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே 'வேர்டு' என்ற கோப்புறையில் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நாம் அடித்த எழுத்தெல்லாம் அதில்தான். படமும் அட்டவணையும் சிதைந்து போனாலும், எழுதியதையாவது அதிலிருந்து வழித்து எடுக்கலாம்.

இதுவரை சொன்னது எந்த ஊர்க்காரருக்கும் பொது. ஆங்கிலத்தில் தேடினாலே விடை கொட்டும். உலகத்தில் வேறு யாரும் பதில் சொல்ல முடியாத, தமிழில் கேட்டால் மட்டுமே விடை கிடைக்கிற இன்னொரு வகை வேண்டுகோள் இருக்கிறது.

"கட்டம் கட்டமா வருது சார்"

அப்பா எழுதிய ஊர் வரலாறு. 1998இல் வந்த கோயில் கும்பாபிஷேக மலர். நின்றுபோன சிற்றிதழ் ஒன்றின் பழைய இதழ்கள். தொண்ணூறுகளில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேடு. ஏதோ ஒரு சிடியில் பத்திரமாக இருக்கிறது. கோப்பு அழியவில்லை, சிதையவில்லை, சொடுக்கினால் திறக்கவும் செய்கிறது. உள்ளே தமிழ்தான் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கட்டங்களுமாக பக்கம் பக்கமாக ஓடுகிறது.

பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது எப்போதுமே அவைதான். அந்த இடங்களில் த, மி, ழ் என்று வரைந்து காட்டும் வேலையை எழுத்துரு செய்துகொண்டிருந்தது. எழுத்துரு போனதும் தமிழும் போய்விட்டது.

தட்டச்சுப் பயிலகத்தில் 'யளனகபக' அடித்துப் பழகிய விரல்களுக்கு இந்த ஏற்பாடு சௌகரியமாக இருந்தது. ஆனால் ஆளுக்கொரு மென்பொருள் வந்தது, ஒவ்வொன்றும் தன் எழுத்துகளைத் தன் இஷ்டப்படி அடுக்கியது. ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் மற்றொன்றில் வேறு எழுத்து. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு தரங்கள் வந்தன. அதே காலத்தில் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே வாதாடித் 'திஸ்கி' என்ற குறியேற்றத்தை, அதாவது எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற அடுக்கை, உருவாக்கினார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 அதைக் கணினியில் காட்டவும் செய்தது. ஆனாலும் அச்சகங்களும் டிடிபி சென்டர்களும் பழைய எழுத்துருக்களை விடவில்லை. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதத்தில். அதற்குள் ஏறக்குறைய இருபது வருடத் தமிழ் எழுத்து பல்வேறு குறியேற்றங்களில் சிதறிப்போயிருந்தது.

யார் பதில் சொல்கிறார்கள்?

இந்த மாதிரிக் கோப்பின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து "இது என்ன ஃபான்ட்?" என்று குழுவில் போட்டால், ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடுவது உண்டு. பதில் சொல்கிறவர் பெரும்பாலும் சாஃப்ட்வேர் இன்ஜினியர் அல்ல. சிவகாசிப் பக்கம் லேஅவுட் செய்துகொண்டிருந்தவர், ஓய்வுபெற்ற தட்டச்சர், யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ சமூகப் பத்திரிகைக்குப் பக்கம் கட்டியவர் என்று இருப்பார்கள். பாமினி இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் நெடுங்காலம் கோலோச்சியதால், அதற்கான விடை கடல் தாண்டித்தான் அதிகம் வரும். டாக்டர் கையெழுத்தை அந்தத் தெரு மருந்துக்கடைக்காரர் மட்டும் படித்துவிடுவதுபோல, இவர்களில் சிலர் எழுத்துரு இல்லாமலேயே ஆங்கிலக் குப்பையை வாய்விட்டுத் தமிழாகப் படித்துவிடுவார்கள்.

இந்த உதவிக்கு ஒரு மரபும் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரையொருவர் பார்த்திராத தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். குறியேற்றம் மாறியபோது அந்த நூல்களையும் மாற்றினார்கள். இன்று 'எந்த ஃபான்ட்' என்று கேட்பவருக்குப் பதில் எழுதுவதும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றிகள் இருக்கின்றன. ஒட்டி, ஒரு பொத்தானைத் தட்டினால் யூனிகோடு வந்துவிடும். அத்தோடு முடியாது. பழைய முறையில் 'கெ' என்று எழுத, கொம்பை முதலில் அடித்துப் பிறகு 'க' அடிப்பார்கள். யூனிகோடில் 'க' முன்னால், கொம்பு பின்னால். 'கொ' என்றால் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கும். நல்ல மாற்றி இதையெல்லாம் வரிசை மாற்றிக் கொடுக்கும், சுமாரானது குழப்பிவிடும். ஆய்வேட்டின் நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் மேற்கோள்களையும் பாமினி மாற்றி அப்படியே உளறல் தமிழாக்கிவிடும், ஏனென்றால் இரண்டும் அதற்கு ஒன்றுதான். சில எழுத்துருக்களில் 'ர'வும் துணைக்காலும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். தட்டச்சர் அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை அடித்திருப்பார். தாளில் அது 'பாட்டு' என்றே தெரிந்தது. மாற்றியபின் 'பரட்டு' என்று பல்லிளிக்கிறது. இந்தப் பிழை இன்ன எழுத்துருவில் இப்படித்தான் வரும், இதைத் தேடி இப்படி மாற்று என்று சொல்ல, அதில் வருடக்கணக்கில் உழைத்தவரால்தான் முடியும்.

கடைசிக் கணினி

கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த ஆட்களுக்கு வயதாகிறது.

அவர்களோடு சேர்ந்து கருவிகளும் போகின்றன. தமிழ் அச்சுலகத்தின் பெரும்பகுதி பேஜ்மேக்கரில் நடந்தது. அதன் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. அடுத்து வந்த பதிப்புகள் திறப்பதில்லை. சில தமிழ் மென்பொருள்கள், கணினியின் பின்னால் செருகும் 'டாங்கிள்' இருந்தால்தான் இயங்கும். அந்தச் செருகு வாயே இல்லாத கணினிகள்தான் இன்று விற்பனைக்கு வருகின்றன. ஆகவே பல ஊர்களில் ஒரே ஒரு பழைய டிடிபி சென்டரில், தூசி தட்டி வைத்திருக்கும் ஒரே ஒரு பழைய பெட்டியில்தான் இந்தக் கோப்புகள் ஒழுங்காகத் திறக்கும். கடை கைமாறும் அன்று அந்தப் பெட்டி எடைக்குப் போகும்.

அச்சுப் பிரதி இருந்தால் ஸ்கேன் செய்து எழுத்துணரி மூலம் எடுத்துவிடலாமே என்பார்கள். அச்சானவற்றுக்கு அது சரி. அச்சுக்கே போகாத நாட்குறிப்பும், பாதியில் நின்ற நாவலும், நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பும் எந்தத் தாளிலும் இல்லை. முன்பின் தெரியாதவரிடம் கோப்பைக் கொடுப்பது ஆபத்து என்பாரும் உண்டு. அதுவும் உண்மைதான், ஆனால் எழுத்துருவைக் கண்டுபிடிக்க ஒரு பக்கத்தின் படமே போதும்.

கவலைக்கு வேறொரு காரணமும் உண்டு. தொலைந்த டாக்எக்ஸ் பற்றி ஒருவர் கூச்சல் போடுவார், ஏனென்றால் நாளைக்கு வைவா. பழைய எழுத்துருக் கோப்பைப் பற்றி யாரும் அலறுவதில்லை. சிடி பீரோவில் இருக்கிறது, எனவே பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பு. ஒருநாள் எடுத்துப் பார்க்கும்போது சிடி படிக்குமா என்பது முதல் கேள்வி. படித்தாலும், பதில் சொல்ல ஆள் இருப்பாரா என்பது இரண்டாவது கேள்வி. முதலாவதற்குக் கருவி உண்டு. இரண்டாவதற்கு மனிதர்கள் மட்டும்தான்.

இன்பாக்ஸில் புதையும் விடை

இதில் கேட்பவர்கள் செய்கிற ஒரு காரியம் நிலைமையை இன்னும் கெடுக்கிறது. குழுவில் கேள்வி கேட்பார்கள். யாராவது ஒருவர், "இன்பாக்ஸ் வாங்க ப்ரோ" என்பார். மறுநாள் கேட்டவர் வந்து, "சரியாயிடுச்சு, நன்றி நண்பர்களே" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். எந்த எழுத்துரு, எந்த மாற்றி, எங்கே இடித்தது என்று ஒரு சொல் இருக்காது. ஆறு மாதம் கழித்து அதே கோளாறோடு வேறொருவர் வந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போது பதில் தெரிந்தவர் குழுவில் இருக்கிறாரோ இல்லையோ. மோசடிக்காரர்களும் அந்த இன்பாக்ஸ் வாசலில்தான் காத்திருக்கிறார்கள். "ரிமோட் ஆப் இறக்குங்க, முன்பணம் போடுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று பேச்சு திரும்பினால் அங்கேயே துண்டித்துவிட வேண்டும். பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "ஃபைல் ஓபன் ஆகல, ஹெல்ப்" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்த வருடம் அடித்தது, எந்த ஊரில், எந்த மென்பொருளில், கோப்பின் பின்னொட்டு என்ன என்று சொல்லுங்கள். வேர்டு கோப்பானால், உளறலாகத் தெரியும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே நிற்கும். பிடிஎஃப் ஆனால், பல ரீடர்களில் 'ப்ராப்பர்ட்டீஸ்' என்ற இடத்தில் எழுத்துருக்களின் பட்டியல் இருக்கும். அந்தப் பெயரோடு கேட்டால் ஒரு வரியில் விடை வரும். எதைச் செய்வதானாலும் மூலத்தை நகல் எடுத்துக்கொண்டு நகலில்தான் கை வைக்க வேண்டும்.

கோப்பு கைக்கு வந்ததும் உங்கள் முறை. யூனிகோடுக்கு மாற்றி இரண்டு இடத்தில் வையுங்கள். பிறகு, கேள்வி கேட்ட அதே இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி மூன்று வரி எழுதுங்கள்: எழுத்துருவின் பெயர், பயன்பட்ட மாற்றி, கையால் திருத்த வேண்டியிருந்த பிழைகள். அவற்றைத் தமிழில், யூனிகோடில் எழுதினால் தேடுபவருக்கு அகப்படும். உங்களுக்குப் பதில் சொன்ன பெரியவர் கைம்மாறு எதுவும் கேட்கப்போவதில்லை. அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடாமல் பார்த்துக்கொள்வது கேட்டவரின் கடன்.