பேட் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

(11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் நம் நாட்டுப் பெண்கள் அணி உலகக் கோப்பையை ஜெயித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம்தான் நம்ம பள்ளியிலும் மாணவிகளுக்கு ஒரு கிரிக்கெட் அணி வேணும் என்று பி.டி. மிஸ்ஸிடம் போய்க் கேட்டோம். மிஸ்ஸும் சரின்னு சொல்லிட்டாங்க. இப்போது அணியில் 14 பேர். ஆனால் எங்களுக்கென்று ஒரு பேட் கூட இல்லை. விளையாட்டு அறையில் இருக்கும் இரண்டும் அண்ணன்மார்களுடையது. அதைத் தூக்கி ஆடினால் மறுநாள் கையால் பேனா பிடிக்க முடியாது.

அதனால் ஆளுக்கு 150 ரூபாய் போட்டோம். மிஸ் 500 ரூபாய் தந்தாங்க. மொத்தம் 2,600 ரூபாய். வருகிற சனிக்கிழமை கடைக்குப் போகிறோம். இதில் என்ன வேடிக்கை என்றால், காசு சேர்ந்த அன்றைக்கே அணிக்குள் மூன்று கட்சி ஆகிவிட்டது. டி.வி.யில் பார்க்கிற மாதிரி தடித்த விளிம்பும் பெரிய ஸ்டிக்கரும் உள்ள பேட்தான் வேணும் என்கிறது ஒரு கட்சி. இந்தக் காசுக்கு டென்னிஸ் பால் பேட்டே மூணு வாங்கலாமே என்கிறது இன்னொன்று. மூன்றாவது கட்சியில் நான் மட்டும்தான். நான் சொல்வதை நின்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. அதனால்தான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நின்றுதான் படிக்கணும்!

முதலில் என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு அப்பா தன் போனஸ் பணத்திலிருந்து 1,900 ரூபாய் எடுத்து எனக்கு பேட் வாங்கித் தந்தார். கடைக்காரர் ஒரு பேட்டைக் காட்டி, "இது இங்கிலீஷ் வில்லோ பாப்பா, பெரிய பிளேயரெல்லாம் இதுதான்" என்றார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. முன்பக்கம் முழுக்க ஷீட் ஒட்டி, பின்பக்கம் முழுக்க ஸ்டிக்கர். நானும் வாயைப் பிளந்து வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சி தராசில் விளையாட்டாக வைத்துப் பார்த்தால் 1 கிலோ 350 கிராம்! என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். கட் ஷாட் ஆடப் போனால் பந்து கீப்பர் கைக்குப் போன பிறகுதான் என் பேட் கீழே வரும். லெதர் பாலில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே, நான்காவது ஓவரில், அடிப்பக்கம் விரிசல் விட்டது. ஷீட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பழைய விரிசலைப் பசை போட்டு மறைத்திருந்தார்கள்.

அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "பேட் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். "சூப்பர்ப்பா" என்று ஐந்து மாதம் பொய் சொன்னேன். பேட் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. போன வாரம்தான் எடுத்துக் காட்டினேன். அவர் திட்டவே இல்லை. விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வாங்குறப்ப எதைப் பார்க்கணும்னு நமக்குத் தெரியலியே" என்றார். அதுக்குத் திட்டியிருந்தாலே பரவாயில்லை.

அதுக்கப்புறம் பக்கத்துத் தெருவில் லீக் ஆடும் அண்ணனிடமும், மிஸ்ஸிடமும், நூலகத்திலும் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எந்த பேட் என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பந்து என்று கேட்கணும். டென்னிஸ் பால் லேசானது. அதுக்கு லேசான பேட் போதும், விலை உயர்ந்த மரம் தேவையே இல்லை. கடைகளில் 'பாப்புலர் வில்லோ' என்று விற்கிறார்களே, அது வில்லோவே கிடையாது. பாப்லர் என்ற வேறு மரம். வில்லோவுக்கு ஒருவகையில் உறவுதான், ஆனால் மட்டை மரம் என்ற பெயர் அதுக்கு இல்லை. தெருவில் டென்னிஸ் பால் ஆட அது தாராளமாகப் போதும். அதே பேட்டை லெதர் பாலுக்கு எடுத்துப் போனால் சில ஓவரில் பிளந்துவிடும். லெதர் பால் என்றால் சும்மாவா? ஆண்கள் ஆடுவது 156 கிராமிலிருந்து 163 கிராம் வரை. பெண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் சிறியது, 140 கிராமிலிருந்து 151 கிராம் வரை. லெதர் பால் பேட்டின் பலகையை மெஷினில் வைத்து அழுத்தி இறுக்கியிருப்பார்கள். கல் மாதிரி வரும் பந்தை அதுதான் தாங்கும்.

நாங்கள் ஜனவரியில் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஆடப் போவது லெதர் பாலில். அதனால் மூணு டென்னிஸ் பேட் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் மனசை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து மரம். நல்ல வில்லோவில் இரண்டு வகை. காஷ்மீர் வில்லோ நம் நாட்டிலேயே விளைவது. அனந்தநாக் மாவட்டத்தில் பிஜ்பெஹாரா, சங்கம் பக்கம் சாலை ஓரமெல்லாம் மட்டைப் பலகைகளை அடுக்கிக் காய வைத்திருப்பார்களாம். கொஞ்சம் பழுப்பு நிறம், கனம் அதிகம், கடினமானது. இங்கிலீஷ் வில்லோ இங்கிலாந்தில் விளைவது. வெளிர் நிறம், மென்மை, நேர் நேரான ரேகைகள். பட்டவுடன் பந்து துள்ளிப் போகும். மீரட், ஜலந்தர் ஊர்களில் அந்தப் பலகையைத் தருவித்து பேட் செய்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் நான் விசாரித்ததில் பாப்புலர் 500-லிருந்து 1,000 வரை, லெதர் பாலுக்கான காஷ்மீர் வில்லோ 1,500-லிருந்து 3,000 வரை, இங்கிலீஷ் வில்லோ 7,000-க்கு மேல். ஆகவே 1,900 ரூபாய்க்கு ஒருவர் இங்கிலீஷ் வில்லோ தருகிறார் என்றால், ஒன்று அவர் வள்ளல், இல்லாவிட்டால் அது இங்கிலீஷ் வில்லோ இல்லை. எனக்குக் கிடைத்தவர் வள்ளல் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எடை!

1771-ல் இங்கிலாந்தில் ஒயிட் என்ற ஆட்டக்காரர் ஹாம்பிள்டன் அணிக்கு எதிராக ஆட வந்தார். அவர் கொண்டு வந்த மட்டை ஸ்டம்பு மூன்றையும் மறைக்கிற அகலம்! எப்படி அவுட் ஆக்குவது? எதிரணிக்காரர்கள் கொதித்துப் போய், மட்டையின் அகலம் நாலே கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். 250 வருஷம் தாண்டியும் இன்றைக்கும் அதே நாலே கால் அங்குலம்தான். 1979-ல் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி பெர்த் மைதானத்துக்கு அலுமினிய மட்டையோடு வந்து பெரிய ரகளையானது. பிறகு பலகை மரமாகத்தான் இருக்கணும் என்று விதி வந்தது. நீளம் 38 அங்குலத்துக்குள். 2017-ல் விளிம்பின் தடிமன் 40 மில்லிமீட்டருக்கும், நடுத் தடிமன் 67 மில்லிமீட்டருக்கும் மேல் போகக் கூடாது என்றார்கள். அகலம், நீளம், தடிமன், மரம் எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது. எடைக்கு மட்டும் சட்டமே இல்லை! அதை ஆடுகிறவர் கைக்கே விட்டுவிட்டார்கள். நாம்தான் அதைக் கடைக்காரர் கைக்கு விட்டுவிடுகிறோம்.

சச்சின் டெண்டுல்கர் மூன்று பவுண்டுக்கு மேல் கனமான மட்டையில் ஆடினார் என்பார்கள். அதாவது ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். டான் பிராட்மேன் ஆடியது இரண்டே கால் பவுண்டு அளவு, ஒரு கிலோவை ஒட்டித்தான். இரண்டு பேரும் எப்படி ரன் எடுத்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே கனமான பேட் இருந்தால்தான் சிக்ஸர் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கனமான பேட்டை வேகமாகச் சுழற்ற முடிந்தால்தான் அது போகும். மெதுவாக வரும் கனமான பேட்டைவிட வேகமாக வரும் லேசான பேட் நல்லது. இதற்கு இயற்பியல் ஆசிரியர் சூத்திரம் வைத்திருப்பார், கேட்டுக்கொள்ளவும்.

நீங்கள் எப்படி ஆடுவீங்க என்பதை வைத்துத்தான் எடை. நான் கட், ஸ்வீப், கடைசி நொடியில் தட்டி விடுவது என்று ஆடுகிறவள். எனக்கு மணிக்கட்டு திரும்பணும், அதனால் லேசான பேட். எங்கள் அணியின் உயரமான தோழி ஒருத்தி முன்காலைப் போட்டு நேராகத் தூக்கி அடிப்பாள். அவளுக்கு இன்னும் நூறு கிராம் கூட இருந்தாலும் பரவாயில்லை. பந்து முட்டிக்கு மேல் எழும்பாத மண் தரையில் ஆடுகிறவர்களுக்கு, பேட்டின் வயிறு, அதாவது தடித்த பாகம், கீழே இறங்கி இருப்பது நல்லது. நன்றாக எழும்பும் தரை என்றால் வயிறு மேலே. நம்ம மைதானத்தில் சிமெண்ட் மேல் நார்ப் பாய் விரித்து ஆடுகிறோம், நன்றாகவே எழும்பும். ஆக நமக்கு நடுவில் இருந்து சற்று மேலே. (ஓரத்தில் படம் வரைந்திருக்கிறேன். பேட் மாதிரி தெரியாவிட்டால் என் ஓவியத்தின் குற்றம்.)

கடையில் சோதிக்கிற விதம் இதுதான். வலது கை ஆட்டக்காரர் என்றால் இடது கையால் மட்டும் கைப்பிடியின் மேல்பாகத்தைப் பிடித்து, பேட்டைத் தரைக்கு இணையாக நீட்டிப் பிடியுங்க. மனசுக்குள் இருபது எண்ணுங்க. அதற்குள் முனை கீழே சாய்ந்தால் அது உங்களுக்கு இல்லை. வைத்துவிடுங்க. இன்னொரு விஷயம், ஒரே எடையுள்ள இரண்டு பேட் கையில் எடுத்தால் ஒரே மாதிரி இருக்காது. கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று பறக்கும், ஒன்று இழுக்கும். அதனால் தராசை மட்டும் நம்பாமல் நாலைந்து பேட்டை எடுத்துச் சுழற்றிப் பாருங்க. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

நீளமும் அப்படித்தான். ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே இருப்பவர்களுக்கு 6-ஆம் நம்பர், ஐந்தே காலிலிருந்து ஐந்தரை அடி வரை 'ஹாரோ', அதற்கு மேல் முழு அளவு. கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரு அங்குலம் மாறும். "வளர்ற புள்ள, பெருசாவே வாங்கிக்க" என்று வீட்டில் சொல்வாங்க. யூனிபார்முக்கு அது சரி. பேட்டுக்கு மட்டும் வேண்டாம்.

ஷீட் ஒட்டிய பேட்டை வாங்காதீங்க. ஷீட் ஒட்டுவது நல்லதுதான், ஆனால் மரத்தைப் பார்த்து வாங்கிய பிறகு நாமே ஒட்டிக்கொள்ளலாம். ரேகை கண்ணுக்குத் தெரியணும், முடிச்சு ஓரத்திலும் அடியிலும் இருக்கக் கூடாது. கைப்பிடி பலகைக்குள் இறங்கும் ஆப்பு வடிவ இணைப்பில் இடைவெளி இருக்கா என்று பாருங்க. கைப்பிடி பிரம்பாக இருக்கணும். (பிரம்பு என்றதும் யாரும் பயப்பட வேண்டாம், இது அடி வாங்குகிற பிரம்பு.)

வாங்கி வந்த அன்றைக்கே ஆடக் கூடாது. இதுவும் எனக்கு அப்போது தெரியாது. ஆளி விதை எண்ணெயை ஒரு தேக்கரண்டி மட்டும் துணியில் தொட்டு, முன்பக்கம், விளிம்பு, அடி எல்லாம் தடவி, இணைப்பில் படாமல், ஒரு நாள் படுக்க வைக்கணும். கூடுதலாக ஊற்றினால் பேட் ஊறிக் கனத்துவிடும். பிறகு பழைய லெதர் பாலாலோ மரச் சுத்தியலாலோ மெதுவாகத் தட்டணும். தினமும் அரை மணி நேரம், இரண்டு வாரமாவது. விளிம்பைச் சரிவாகத் தட்டணும், அடியை நேராகக் குத்தவே கூடாது. ஈரத் தரையில் ஊன்றி வைத்தால் அடி தண்ணீர் குடித்து வீங்கும். மழை பெய்த மறுநாள் பேட்டை ஊன்றி அதன்மேல் சாய்ந்து நிற்கிறவர்கள் கவனிக்க.

ஆக, என் கட்சியின் கோரிக்கை: 2,600 ரூபாய்க்குள் காஷ்மீர் வில்லோ, ஹாரோ அளவு, 1 கிலோ 100 கிராமை ஒட்டி, ஷீட் இல்லாமல். அணியில் 9 பேர் ஐந்தரை அடிக்கும் கீழே. உயரமான தோழிகளால் லேசான பேட்டில் ஆட முடியும். ஆனால் 8-ஆம் வகுப்புத் தங்கச்சியால் கனமான பேட்டைத் தூக்க முடியாது. அவளும் 150 ரூபாய் போட்டிருக்கிறாள். மிச்சம் வரும் காசில் எண்ணெயும் ஒரு கூடுதல் கிரிப்பும் வாங்கலாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி வாசலில் கூடுகிறோம். என் அப்பாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை அவரும் இருபது எண்ணுவாராம். திங்கள் முதல் மாலை நாலே காலுக்கு விளையாட்டு அறை வாசலில் பேட் தட்டும் வேலை நடக்கும், ஆளுக்கு ஒரு நாள் முறை. தட்டுவதற்குப் பழைய லெதர் பாலும், அதைப் போட்டுக் கட்டித் தொங்கவிட ஒரு பழைய காலுறையும் தேவை. வீட்டில் இருந்தால் 11 'ஆ' பிரிவில் வந்து தரவும். காலுறையைத் துவைத்துக் கொண்டு வரவும்.