பந்தயப் பருவம் கழிந்த பின்: லூஜ் வீரரின் வாழ்க்கை

லூஜ் என்பது பிரெஞ்சு மொழியிற் சிறு சறுக்குவண்டியைக் குறிக்கும் சொல். அவ்வண்டியின்மீது மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு, பனிக்கட்டி படர்ந்த சரிவான கால்வாய் போன்ற பாதையில் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வரையுள்ள வேகத்தில் இறங்குவதே இவ்விளையாட்டு. வண்டிக்குச் சுக்கான் இல்லை, பிரேக்கும் இல்லை. கெண்டைக்கால்களால் வளைந்த சறுக்குச் சட்டங்களை அழுத்தியும், தோளைச் சற்றே தாழ்த்தியும் வீரர் அதனைத் திருப்புகின்றார். 1883ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்து நாட்டு டாவோஸ் நகரினின்றும் குளோஸ்டர்ஸ் என்னும் ஊருக்குப் பல தேசத்தாரும் கூடி இப்பந்தயத்தை நடத்தினர். 1964இல் இன்ஸ்புரூக்கு நகரில் இஃது ஒலிம்பிக் பந்தயங்களுள் ஒன்றாயிற்று.

வீரர் பதக்கம் பெறும் நாளைப்பற்றிப் பத்திரிகைகள் எழுதும். பருவம் முடிந்தபின் அவர் யாது செய்கின்றார் என்பதை எழுதுவார் அரியர். அன்பர்களே, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முறை இறங்குவதற்கு ஏறத்தாழ 50 விநாடி ஆகும். நாளொன்றுக்கு நான்கு முறையாக நூறு நாள் இறங்கினார் என்றே கொள்வோம். ஆக 400 முறை, 20,000 விநாடி. அஃதாவது ஓராண்டில் அவர் பனிமீது ஓடிய காலம் முழுவதும் ஆறு மணி நேரத்திற்கும் குறைவு! வேறு எந்த விளையாட்டினும் இத்துணைச் சிறு காலத்திற்கு இத்துணை நீண்ட ஆயத்தம் உண்டோ என்பது ஐயமே. ஆதலின், லூஜ் வீரரின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் பனி உருகிய பிறகே அவரைச் சென்று காணல் வேண்டும்.

நவம்பர் ஈற்றிலோ டிசம்பர் முதலிலோ தொடங்கும் உலகக் கோப்பைப் பந்தயங்கள் குளிர்காலத்தோடு முடிவுறும். பின்னர்ப் பாதையின் அடியிற் பதித்த குளிரூட்டும் குழாய்கள் ஓய்வு பெறும். பனி உருகியோடக் காங்கிரீட்டுத் தொட்டி மட்டும் எஞ்சும். அப்போது முதல் வேலை வண்டியைப் பிரிப்பது. சறுக்குச் சட்டங்களின் அடியிற் பொருத்திய உருக்குப் பட்டைகளே வண்டியின் உயிர். துரு ஏறினால் அவை கெட்டொழியும். ஆகவே துடைத்து, எண்ணெய் பூசிச் சுற்றி வைக்கின்றனர். பின்பு வாரக்கணக்கில் உப்புத்தாள் கொண்டு, முதலில் முரடும் வரவர நுண்ணியதுமாகத் தேய்த்து, இறுதியில் வைரப்பொடிப் பசையால் மெருகிடுகின்றனர். பந்தய நாளில் அப்பட்டைகளைச் சுடவைத்து வேகம் தேடும் சூழ்ச்சி செல்லாது. நடுவர் அவற்றின் வெப்பத்தை அளப்பர். குறித்த அளவினும் 5 பாகைக்கு மேல் மிகுந்திருப்பின் வீரர் விலக்கப்படுவார். எனவே வேகத்தைப் பட்டறையிலேயே, கையாலேயே தேடிக்கொள்ள வேண்டியுளது.

இக்கைவேலையிற் பெயர் போனவர் ஜெர்மானியராகிய கியார்க் ஹக்கல் என்பவர். இரும்பு வேலை பயின்ற அவர், தம் வண்டியைத் தாமே ஓயாது திருத்திக் கொண்டிருப்பார். 1992, 1994, 1998 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தனியாள் பந்தயத்தில் தங்கம் பெற்றார். நாகானோ நகரில் 1998இல் ஜெர்மானியர் காற்றைப் பிளந்து செல்லத்தக்க புதுவகைக் காலணி அணிந்து வந்தபோது அமெரிக்கரும் கனடா நாட்டினரும் முறையிட்டனர், அம்முறையீடு தள்ளப்பட்டது. ஒரு காலணிக்கு இவ்வளவு வழக்கா என்று நாம் நகைக்கலாம். அதே ஒலிம்பிக்கில் மகளிர் பந்தயத்தில் ஸில்க்கே கிரௌஸ்ஹார் என்னும் பெண்மணி, நான்கு ஓட்டங்களின் கூட்டு நேரத்தில், தம் நாட்டவராகிய பார்பரா நீடர்ன்ஹூபரை வென்றது ஒரு விநாடியை ஆயிரங் கூறு செய்து அதில் இரண்டு கூற்றால். அவ்வேகத்தில் அந்நேரத்திற்குள் வண்டி கடக்கும் தொலைவு ஏறத்தாழ நான்கு விரற்கடை. நாம் கண்ணிமைக்கும் நேரம் இதனினும் பன்மடங்கு பெரிது.

அடுத்தது தேகப்பயிற்சி. வளைவுகளில் உடலின் பாரம் நான்கைந்து மடங்கு மிகுந்தாற்போல அழுத்தும். அப்போது தலை பின்னே சாயாதபடி தாங்க வேண்டியது கழுத்து. ஆதலின் கழுத்துத் தசைக்கெனத் தனி அப்பியாசம் உண்டு. புறப்படுங்கால் வீரர் இருபக்கத்துக் கைப்பிடிகளையும் பற்றி முன்னும் பின்னும் ஆடி, உந்தி, பிறகு முள் வைத்த கையுறையால் பனியைத் துழாவித் தள்ளுவார். அங்கே இழந்த சிறு நேரம் பாதை முழுவதும் வளர்ந்து பெருகும். இதன்பொருட்டு அமெரிக்காவின் லேக் பிளாஸிட்டு போன்ற சில இடங்களிற் கோடையிலும் பனி உறைந்திருக்கும் புறப்பாட்டுக் கூடங்கள் கட்டியிருக்கின்றனர். பாரம் மிக்கவர்க்கு இறக்கத்தில் வேகம் மிகும். ஆகவே மெலிந்தவர் தம் குறையில் ஒரு பகுதியை ஈடுசெய்ய ஈயம் வைத்த உட்சட்டை அணிய விதி இடந்தருகின்றது. உண்டு உடலை வளர்ப்பதும் இவர்க்குக் கடமையே என்பதை நம் விடுதி மாணவர் சிலர் பொறாமையோடு கேட்கக்கூடும்!

உள்ளத்தின் பயிற்சியோ செலவில்லாதது. நாற்காலியிற் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பாதையின் ஒவ்வொரு வளைவையும் முறையே நினைந்து, கைகளை மெல்ல அசைத்து மனத்தாலேயே இறங்கி முடிப்பர்.

இனி, வயிற்றுப்பாட்டைப் பேசாமல் இருத்தல் முறையன்று. பருவம் முடிந்ததும் வீரர்தம் செல்வநிலை வெளிப்பட்டுவிடுகின்றது. ஜெர்மனியில் முன்னணி வீரர் பலர் இராணுவத்திலோ, மத்திய போலீஸிலோ உத்தியோகம் பெற்றவர்கள். ஹக்கலும் இராணுவத்தில் இருந்தவரே. 1994 முதல் 2014 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் இடைவிடாது பதக்கம் பெற்ற இத்தாலியராகிய அர்மின் ஸோக்கெலர் அந்நாட்டுக் கராபினியேரிப் படையைச் சேர்ந்தவர். கோடையிலும் அவர்கட்குச் சம்பளம் வரும். இதனைச் சலுகை என்று குறைகூறுவாரும் உளர். ஆறு மணி நேரப் பனி ஓட்டத்திற்கு ஓராண்டு உழைப்பு வேண்டுமெனின், யாரேனும் ஒருவர் அவ்வாண்டிற்குச் சோறிட்டே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

சோறிடுவார் இல்லாதவர் படும் பாட்டிற்கு நம் தேசத்தவர் ஒருவரே சான்று. சிவ கேசவன் என்பார் மலையாளத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் மகனாய், இமாசலப் பிரதேசத்து மணாலியை அடுத்த வசிஷ்டு என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். 1998இல், தம் பதினாறாம் வயதில், நாகானோ ஒலிம்பிக்கிற் கலந்து 28ஆம் இடம் பெற்றார். அவர் பழகுவதற்கு இந்தியாவிற் குளிரூட்டிய பாதை ஒன்றேனும் இருக்கவில்லை. ஆகவே வண்டிக்குச் சக்கரம் பூட்டி, மலைச்சாலையில் லாரிகளுக்கும் ஆட்டுமந்தைகளுக்கும் நடுவே மல்லாந்து இறங்கிப் பழகினார். பனியில் உருக்கு வழுக்கும். சாலையிற் சக்கரம் பற்றும். இரண்டும் ஒன்றல்ல என்பதை அவர் அறியாதவரல்லர். வேறு வழியில்லை, அவ்வளவே. பயிற்சிக்குப் பின் எஞ்சிய காலம் பொருள் திரட்டுவதிற் கழிந்தது. 2014இல் ஸோச்சி நகருக்குச் சென்றபோது இந்திய ஒலிம்பிக் சங்கம் தடைப்பட்டிருந்தமையால், தேசக்கொடியின்றி ஒலிம்பிக் கொடியின் கீழ் ஓடினார். அங்கே பயிற்சி ஓட்டமொன்றில் வண்டியினின்றும் விழுந்து, வேகம் குறையுமுன்னரே மீண்டும் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு ஓட்டத்தை முடித்தார். ஆசியக் கோப்பையிற் பொற்பதக்கமும் பெற்ற அவர், ஆறாவது ஒலிம்பிக்கை 2018இல் முடித்து 34ஆம் இடத்தோடு ஓய்வு பெற்றார். 2020இல் அர்ச்சுனா விருது அவர்க்கு வழங்கப்பெற்றது.

ஓய்வுக் காலத்தில் அச்சமும் வந்து எட்டிப்பார்க்கும் என்பர். 2010 பிப்ரவரி 12ஆம் நாள், விஸ்லர் பாதையில் ஜார்ஜிய நாட்டு இளைஞர் நோதார் குமாரிதாஷ்விலி பயிற்சியின்போது தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தார். அவர்க்கு வயது 21. பனிமீது இருக்குங்கால் இதனை நினைக்க நேரமில்லை. கோடையில் நேரம் மிகுதி. பாதையே அழிவதும் உண்டு. குளிரூட்டிய பாதைகளுள் உலகிலேயே முதலாவதாகிய ஜெர்மனியின் கூனிக்ஸே பாதையை 2021 ஜூலையில் வெள்ளம் தகர்த்தது. அதனையே வீட்டுமுற்றமாகக் கொண்டிருந்த வீரர்கள் அடுத்த பருவத்திற்கு வேறு ஊர்ப் பனியைத் தேடவேண்டியதாயிற்று.

இலையுதிர்காலத்திற் குளிரூட்டும் இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கும். தொட்டியின்மேல் நீர் தெளித்துத் தெளித்துப் பனியை ஏற்றுவர். முதல் நாளில் எவரும் உடனே வண்டியில் ஏறுவதில்லை. பாதை நெடுகக் காலால் நடந்து, வளைவுதோறும் நின்று உற்று நோக்குவர். சென்ற பருவத்திற் பதக்கம் பெற்றவரேயாயினும், நெடுநாள் ஓய்ந்த உடலாதலின், உச்சியினின்றும் புறப்படாமல், பாதையின் நடுவே இளைஞர்க்கென அமைத்த தாழ்ந்த வாயிலிலிருந்து முதலிற் சிலமுறை இறங்கிப் பார்ப்பதும் உண்டு.