திண்டிவனத்திலிருந்து டர்பனுக்கு: நம் வரலாறு காத்திருக்கும் பல்கலைக்கழகம்

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலோ பட்டம் பெறும் தலித் மாணவர், அயல்நாட்டு ஆய்வுப் படிப்பு என்றால் பெரும்பாலும் இங்கிலாந்தையும் அமெரிக்காவையுமே எண்ணுகிறார். ஆப்பிரிக்கா அவரது பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆனால் இவ்வூர்களின் உழைக்கும் மக்களுடைய வரலாற்றில் ஒரு பகுதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கிறது. அதைக் கற்பதற்குரிய இடமாக அங்குள்ள குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தை இங்கே அறிமுகப்படுத்துகிறோம்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னை மாகாணத்தினர். விழுப்புரமும் திண்டிவனமும் அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடு, ஆள் சேர்க்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவை கப்பல் பதிவேடுகளில் எழுதப்பட்டன. பறையர் என்று குறிக்கப்பட்டோர் அவற்றில் ஏராளம். நிலமற்ற சேரி மக்களுக்குப் பட்டாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆனால் கப்பல் ஏட்டில் அவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு.

திண்டிவனத்தை அடுத்த மதுராந்தகம் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் நேட்டாலில் வாழ்ந்தவரே. அங்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய பின்னரே அவர் தாயகம் திரும்பிச் சட்டமன்றத்திலும் வட்டமேசை மாநாட்டிலும் நம் உரிமைக்காகப் பேசினார்.

இப்பல்கலைக்கழகத்தின் பிறப்பே பாகுபாட்டின் வரலாற்றோடு பிணைந்தது. நிறவெறி அரசு 1961இல் இந்தியருக்கென ஒரு தனிக் கல்லூரியைச் சாலிஸ்பரி தீவில் தொடங்கியது. அதுவே பின்னர் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாயிற்று. 1910இல் கல்லூரியாகத் தோன்றிய நேட்டால் பல்கலைக்கழகத்தோடு அது 2004 ஜனவரி 1 அன்று இணைக்கப்பட்டு, இன்றைய பல்கலைக்கழகம் உருவானது. ஐந்து வளாகங்களில் 40,000க்கும் மேற்பட்ட மாணவர் பயில்கின்றனர். ஸ்டீவ் பிக்கோ மருத்துவம் பயின்றது நேட்டாலின் மருத்துவக் கல்லூரியில்தான். அவர் முன்னின்று நடத்திய மாணவர் இயக்கம், ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் ஆகிய மூவரையும் ‘கறுப்பர்’ என்னும் ஓர் அரசியல் பெயரில் ஒன்றுபடுத்தியது. அந்த ஒற்றுமைக்குள் சாதி என்னவாயிற்று என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்திய வம்சாவளியினரின் ஆவணங்களையும் வாய்மொழிப் பதிவுகளையும் திரட்டி வைத்துள்ளது. வரலாறு, சமூகவியல், சட்டம் பயில்வோர்க்கு இது பெரும் வாய்ப்பு. எச்ஐவி, காசநோய் ஆய்வுகளில் உலகப் பெயர் பெற்ற காப்ரிசா நிறுவனமும் இப்பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்திலேயே இயங்குகிறது.

முனைவர் பட்டம் அங்கு முதன்மையாக ஆய்வேட்டின் வழியே மதிப்பிடப்படுகிறது. எனவே விண்ணப்பிக்கும் முன் நெறியாளரைத் தேடுவதே முதற்படி. பேராசிரியர்களின் கட்டுரைகளைப் படித்து, இரண்டு பக்க ஆய்வு முன்மொழிவுடன் எழுதுங்கள். பயிற்றுமொழி ஆங்கிலம். நம் பட்டத்துக்குத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தின் மதிப்பீட்டுச் சான்று, படிப்பு விசா, மருத்துவக் காப்பீடு ஆகியவை தேவைப்படும். கட்டண உயர்வை எதிர்த்து 2015, 2016ஆம் ஆண்டுகளில் மாணவர் போராடிய வளாகம் அது என்பதையும் அறிந்தே செல்ல வேண்டும்.

தடை பணத்தில்தான் இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, கியூஎஸ் தரவரிசையில் முதல் 500 இடங்களிலுள்ள நிறுவனங்களையே கருதுகிறது. கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகங்கள் அவ்வரம்புக்குள் வருகின்றன. குவாசூலு-நேட்டால் அண்மை ஆண்டுகளில் அதற்கு வெளியே நிற்கிறது. மேலும், 2022இல் திருத்தப்பட்ட விதிகள் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் தொடர்பான ஆய்வுகளுக்கு இவ்வுதவித்தொகை கிடையாது என்றன. தென்னார்க்காட்டுச் சேரியிலிருந்து கப்பலேறியவரைப் பற்றி அதே சேரியின் பேத்தி ஆய்வு செய்ய விரும்பினால், இரண்டு கதவுகள் அவளுக்கு மூடிக் கிடக்கின்றன. இவ்விதிகளை நீக்கக் கோருவது நம் இயக்கங்களின் கடமை. அதுவரை, ஆதிதிராவிடர் மாணவர்க்கான தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையையும் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியுதவிகளையும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து நாட வேண்டும்.

ஆள்சேர்ப்பு முகவரின் சொல்லை நம்பி, எங்கே போகிறோம் என்பதே அறியாமல் நம்மவர் அன்று கப்பலேறினர். இன்று அதே திசையில் நாம் அறிந்து செல்ல முடியும். அந்த ஏடுகளைத் திறந்து, அவர்களது ஊர்களின் பெயர்களை உரக்கப் படிக்க நம் மாணவர் ஒருவரேனும் அங்கே இருக்க வேண்டும்.